பூங்கோதைக்குப் பொருந்தாத வார்த்தை

பூங்கோதையிடம் ஒரு தம்ளர் டீயை நீட்டிப் பாருங்கள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்பாள். பச்சைப் பொய். விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கியிருக்காது. இன்னொரு தடவை சொன்னால், "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்பாள். மூன்றாவது தடவை கையைப் பிடித்துக் கொடுத்தால்தான், "சொன்னா கேக்கவா போறீங்க" என்று வாங்கி, அடியில் தங்கிய சர்க்கரை வரை குடித்து முடிப்பாள்.

இதை நடிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வளர்ப்பு. விழுப்புரம் பக்கத்திலிருந்து டில்லிக்குக் கூலி வேலைக்கு வந்து, ரயில் பாதை ஓரமாக ஒட்டுப் போட்ட கூரைகளின் கீழ் தங்கிவிட்ட அந்தக் குடியிருப்பில் எல்லார் வீட்டுச் சட்டமும் இதுதான். முதல் அழைப்புக்கே இலையில் போய் உட்காருகிறவனுக்கு 'அலைஞ்சவன்' என்று பெயர் வந்துவிடும். கூப்பிடுகிறவருக்கும் இது தெரியும். அதனால் கூப்பிடுகிறவர் மூன்று தடவை கூப்பிடுவார், வருகிறவர் இரண்டு தடவை மறுப்பார், இருவர் மானமும் காப்பாற்றப்படும். டில்லிக்காரர்களும் இந்த விஷயத்தில் சளைத்தவர்கள் அல்ல. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பூங்கோதை சமைத்த வீடுகளில் பஞ்சாபி அம்மாக்கள், "அரே, லே லோ, லே லோ" என்று பராட்டாவைக் கையில் திணிப்பார்கள். ஆகவே இந்தப் பழக்கத்தால் அவளுக்கு ஒருநாளும் நஷ்டம் வந்ததில்லை. ஸ்நேஹா மேடம் வருகிற வரைக்கும்.

ஸ்நேஹா மேடத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பூங்கோதையைப் பற்றி ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் டில்லியில் மேம்பாலங்களைத் திறந்து வைத்தவர்கள் பெயரெல்லாம் கல்லில் இருக்கிறது. அந்தப் பாலங்களுக்குக் கம்பி கட்டியவர்களுக்குச் சோறு பொங்கிய பெண்ணின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அப்பா அம்மா இருவரும் சித்தாள், பெரியாள் என்று சாரத்தில் ஏறிவிட, கீழே செங்கல் அடுப்பு மூட்டி மொத்தக் கூட்டத்துக்கும் பொங்கிப் போட்டவள் இவள்தான். அப்போது பாவாடை கட்டும் வயது. பானையைத் தனியாக இறக்கக்கூடத் தெம்பு இல்லாத வயதில் குழம்புக்கு உப்புப் பார்த்தாள்.

பிறகு கல்யாணம். மாப்பிள்ளை குணா, சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன், நல்லவன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பிறகு மஞ்சு பிறந்தாள். பிறகு வீடு வீடாகச் சமையல் வேலை. அந்த வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. கை இவளுடையது, வியர்வை இவளுடையது, ருசி மட்டும் அடுத்தவர்களுடையது. ஒரு வீட்டில் பெருங்காயம் ஆகாது. ஒரு வீட்டில் புளி ஆகாது. இன்னொரு வீட்டில் வெங்காயம் ஆகும், ஆனால் வாசனை வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் "அச்சா ஜி" என்று தலையாட்டிவிட்டு அவள் சமைத்தாள், நன்றாகவும் சமைத்தாள். ஆனால் ஒரு அடுப்பு முன்னால் நின்று, இன்றைக்கு இதுதான் சமையல் என்று தன் வாயால் சொல்லி, பத்துப் பேர் அதைக் கேட்டு நடக்க வேண்டும் என்று ஒரு ஆசை அவளுக்குள் இருந்தது. பெரிய ஆசைதான். வெளியில் சொன்னதே இல்லை. சொன்னால் அது ஆசை என்று தெரிந்துவிடுமே.

பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்து அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தபோது அவள் சமைத்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அந்தச் சமயத்தில்தான் கிட்வாய் நகரில் ஒரு அறக்கட்டளை பெண்களை வைத்துச் சமையற்கூடம் ஆரம்பித்தது. பக்கத்து ஆபீஸ்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு அங்கிருந்து போகும். பூங்கோதை அங்கே சேர்ந்தாள். அவள் பின்னாலேயே குடியிருப்பிலிருந்து மாலா வந்தாள், பாத்திரம் தேய்க்க வீராயி வந்தாள், இன்னும் பல பேர் வந்தார்கள். பேருக்கு அங்கே எல்லாரும் சமம். ஆனால் சாம்பார் கொதிக்கும்போது எல்லாக் கரண்டியும் பூங்கோதை பக்கம்தான் நீளும். "அக்கா, உப்புப் பாரு." அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு கொதி வுடு" என்பாள். அதுதான் தீர்ப்பு. சாப்பாட்டுக்கு நேரிலேயே கூடத்துக்கு வந்துவிடும் ஹிந்திக்கார ஆபீசர்கள் அவளைச் 'சாம்பார்வாலி ஆன்ட்டி' என்று கூப்பிடுவார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள், ஆனால் அன்று முழுக்க நடையில் ஒரு மிடுக்கு இருக்கும்.

இந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவள்தான் ஸ்நேஹா மேடம். தமிழ்ப் பெண்தான், டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், பாதியில் இங்கிலீஷில் இறங்கிவிடுவாள். நல்ல மனசுக்காரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாப் பெண்களையும் உட்கார வைத்து ஒரு வகுப்பு எடுத்தாள். "அக்கா, நீங்க வேண்டாம்னு சொன்னா அதுக்கு வேண்டாம்னுதான் அர்த்தம். புருஷனோ முதலாளியோ யாரா இருந்தாலும் அதுக்கு மேல உங்களை ஃபோர்ஸ் பண்ணக்கூடாது." அன்றைக்கு எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவள் பூங்கோதை. வீட்டுக்குப் போய் மஞ்சுவிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். குணாவுக்குக் கேட்கும்படி ஒரு தடவை உரக்கவும் சொன்னாள். அந்தக் கைதட்டலே தன் தலையில் வந்து விடியும் என்று அவளுக்கு அன்று தெரியாது.

வேலை பெருகியது. கூடத்துக்கு ஒரு இன்சார்ஜ் போடுவது என்று முடிவாயிற்று. என்ன சமையல் என்று தீர்மானிப்பது, சாமான் வாங்குவது, யார் எந்த அடுப்பில் நிற்பது என்று சொல்வது, எல்லாம் இன்சார்ஜ் கையில். சமையல் முடிந்து அடுப்பு அணைத்த ஒரு பிற்பகலில் ஸ்நேஹா எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, நேராகப் பூங்கோதையைப் பார்த்தாள்.

"பூங்கோதை அக்கா, நீங்கதான் இதுக்குக் கரெக்ட்டா இருப்பீங்கன்னு நான் நெனைக்கறேன். இன்சார்ஜா இருக்கீங்களா?"

பூங்கோதையின் இத்தனை வருஷ ஆசை எதிரில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. வாய் என்ன சொல்லிற்று தெரியுமா?

"அய்ய, எனக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்? நான் பாட்டுக்கு ஒரு ஓரமா சமைச்சிட்டுப் போறேன்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எல்லாருக்கும் தெரியும், இது முதல் மறுப்பு.

"ஷ்யூரா அக்கா? ஒரு ப்ரெஷரும் இல்ல."

"என்னைவிட வேற யாரும் கெடைக்கலியா உங்களுக்கு? தோ, மாலா இருக்கா. சுறுசுறுப்பான புள்ள."

அடுத்தவர் பெயரைச் சொல்வது இரண்டாவது மறுப்பு. அதைத் தாண்டினால் முடிந்தது. மூன்றாவது தடவை கேட்டதும், "இவ்ளோ சொல்றீங்க, சரி" என்று சொல்வதற்குத் தலையை லேசாகக் குனிந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு பூங்கோதை தயாராக நின்றாள்.

ஸ்நேஹா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓகே அக்கா. நீங்க ஓப்பனா சொன்னதுக்கு தேங்க்ஸ். உங்க முடிவை நான் மதிக்கறேன்." பிறகு திரும்பினாள். "மாலா, நீ பண்றியா?"

"சரி மேடம்" என்றாள் மாலா, ஒரே மூச்சில்.

வீராயி தேய்த்துக்கொண்டிருந்த அண்டாவைக் கையிலிருந்து விட்டுவிட்டாள். ஸ்நேஹா மட்டும் நல்ல காரியம் முடித்த சந்தோஷத்தில் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். யார் மேல் கோபப்படுவது? அந்தப் பெண் தான் கற்ற மரியாதையைச் செய்தாள். இவள் தான் கற்ற மரியாதையைச் செய்தாள். நடுவில் வேலை நழுவிப் போய்விட்டது.

பூங்கோதை அழவில்லை. வழக்கம்போல அடுப்பு மேடையைத் துடைத்தாள், துணியை அலசிக் காயப் போட்டாள். மாலா மட்டும் பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, எம்மேல கோவமா?"

"எனக்கு இன்னா கோவம்?"

"நீ வேணான்னு சொன்ன. என்னைக் கேட்டாங்க, நான் சரின்னு சொன்னேன். நீ பிகு பண்றன்னு எனக்குத் தெரியும்தான். ஆனா எனக்கும் ஆசை இருக்காதாக்கா?"

பூங்கோதைக்குச் சுருக்கென்றது. மாலா சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதுதான் அவளை மிகவும் நோகடித்தது.

அதற்குள் மாதமும் முடிந்தது. மாதக் கடைசியில் கூடத்தில் நடந்ததை எல்லாம் சுருக்கமாக எழுதி ஸ்நேஹா வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். இங்கிலீஷில் வரும். படித்துச் சொல்வது அவரவர் வீட்டுப் பிள்ளைகள் வேலை. காலேஜ் முதல் வருஷம் படிக்கிற மஞ்சு, போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு வந்தவள், ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"இன்னா, எம்பேரு வருதா?"

"வருதும்மா. 'பூங்கோதை அக்கா எந்தப் பொறுப்பையும் ரிலக்டன்ட்லிதான் எடுத்துக்குவாங்க, அதனால நாங்க வற்புறுத்தல'ன்னு போட்டிருக்காங்க."

"அது இன்னாடி ரிலக்டன்ட்லி?"

மஞ்சுவுக்குத் தமிழைவிட ஹிந்தி வசதி, இருந்தாலும் அம்மாவுக்காகத் தேடினாள். "இஷ்டம் இல்லாமன்னு சொல்லலாம். ஆனா முழுசா அது இல்லம்மா. அந்த வேலைய செய்வாங்க. செஞ்சுதான் ஆவாங்க. ஆனா மனசு பின்னாடி நிக்கும். கால் போவும், மனசு வராது. போன மழைல வூட்டுக்குள்ள தண்ணி பூந்தப்ப அப்பா மாமா வூட்ல போய்த் தங்கினாரு இல்ல, அது ரிலக்டன்ட்லி."

"ஓ. உங்கப்பா மூஞ்சி ஒரு மொழத்துக்கு இருந்திச்சே, அதுவா?"

"அதேதான். குளிர்ல காலைல நான் எழுந்திரிக்கறது. நீ பக்கத்து வூட்டுக்குப் பாலுக்குக் கடன் கேக்கப் போறது. எல்லாம் அந்த மாதிரிதான். இதுலயே இன்னும் கெட்டியா ஒண்ணு இருக்கு, அன்வில்லிங்லி. அதுல மனசு சுத்தமா இருக்காது. இன்னொண்ணு க்ரட்ஜிங்லி. பல்லைக் கடிச்சிக்கினு குடுக்கறது. மாலா அக்கா உனக்குச் சீரகம் எடுத்துக் குடுப்பாங்களே, அப்படி."

பூங்கோதை சிரித்துவிட்டாள். பிறகு வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும்தான் அரிசியில் இருந்தது.

"உன்னைக் கைக்கொழந்தையா வெளில சணல் சாக்குல படுக்க வச்சிட்டு, அடுத்தவங்க வூட்டுல சமைக்கப் போனேன். நீ அழுவுற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். திரும்பிப் பாக்காம போவேன். அது?"

மஞ்சு போனைக் கீழே வைத்தாள். "அதுதாம்மா."

"அப்ப எனக்கு அந்த வார்த்தை நல்லாவே தெரியும்டி. இங்கிலீஷ் தெரியாம இருக்கலாம், அது தெரியும். ஆனா அடுப்புகிட்ட நான் ஒரு நாளும் அப்படிப் போனதில்ல. ஜுரத்தோட போயிருக்கேன், அப்பவும் மனசோடதான் போயிருக்கேன். அந்தப் பொண்ணு என்னைப் பத்தித் தப்பா எழுதிடுச்சி." அரிசித் தட்டைத் தள்ளி வைத்தாள். "ஆசை மனசு நெறைய வச்சிக்கினு வாயால வேணாம்னு சொல்றாங்களே, அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இருக்கா?"

மஞ்சு தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றிரண்டு கிடைத்தன, எதுவும் பிகுவுக்குச் சரியாக உட்காரவில்லை. "இல்லம்மா" என்றாள்.

"அப்ப அந்தப் பொண்ணுக்கு எப்படிப் புரியும்?" என்றாள் பூங்கோதை. அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில்தான் ஸ்நேஹா மேல் இருந்த வருத்தம் அவளுக்குப் போயிற்று. தன் மேல் இருந்த வருத்தம் போகவில்லை.

விஷயம் இன்னதென்று கேள்விப்பட்ட குணா, சட்டையில் பெயின்ட்டோடு வந்து வாசலில் உட்கார்ந்து தன் கருத்தைச் சொன்னான். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னான். "கேட்டு வாங்குறதுக்குப் பேரு மரியாதையா? தானா வரணும். வரலன்னா வுடு. போய் நின்னு கேட்டியோ, அப்புறம் இந்தத் தெருவுல தலைநிமிந்து நடக்க முடியாது, சொல்லிட்டேன்."

வீராயி வேறு கட்சி. அவள் தண்ணீர்க் குழாயடியில் வைத்தே சொன்னாள். "அழுத புள்ளதான்டி பால் குடிக்கும். நீ வாயை மூடிக்கினு இருந்தா யாருக்குத் தெரியும்? அந்த மேடமும் பாவம், அதுக்கு நம்ம ஊரு பவிசு எங்க தெரியப்போவுது? நீயும் பாரு, அடுப்பு மேல உசுரையே வச்சிக்கினு அது வேணாம்ன்ற. வேண்டா வெறுப்பாப் புள்ளையப் பெத்து காண்டாமிருகம்னு பேரு வச்சாளாம் ஒருத்தி. நீ ஆசை ஆசையாப் பெத்துட்டு அந்தப் பேரை வச்சிருக்க."

அந்தப் பழமொழி பூங்கோதையைப் பல நாள் விடவில்லை. மாலா இன்சார்ஜாக நன்றாகவே நடத்தினாள், குறை சொல்வதற்கில்லை. சாம்பார் மட்டும் பூங்கோதையிடமே இருந்தது. எல்லாம் சரியாக நடப்பதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்கு நம்பிக்கை குறைந்தது. குழப்பம் வந்திருந்தால் யாராவது வந்து தன்னைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். குழப்பம் வரவில்லை. யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது அவளுக்கு மெல்ல மெல்ல விளங்கிற்று.

குளிர்காலம் ஆரம்பித்தபோது சாணக்யபுரியில் இன்னொரு கூடம் திறப்பதாகச் செய்தி வந்தது. இதைவிடப் பெரிய இடம், பெரிய அடுப்பு. அன்றைக்கும் சமையல் முடிந்த பிறகு ஸ்நேஹா எல்லாரையும் கூப்பிட்டாள். வெயில் ஜன்னல் வழியாக மேடை மேல் விழுந்து கிடந்தது. பெண்கள் ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார்கள்.

"சாணக்யபுரி கிச்சனுக்கு இன்சார்ஜ் வேணும். யாருக்காவது இன்ட்ரஸ்ட் இருக்கா?"

இந்தத் தடவை பெயர் சொல்லிக் கேட்கவில்லை. சின்ன வயதில் சாரத்துக்குக் கீழே கொதிக்கிற பானை முன்னால் நின்றபோதுகூடப் பூங்கோதைக்கு இப்படிப் பயம் வந்ததில்லை. ஊர், உறவு, புருஷன் எல்லாரும் சேர்ந்து அவள் நாக்கைப் பிடித்துக் கீழே இழுக்கிற மாதிரி இருந்தது. இழுத்துக்கொண்டே இருக்கட்டும் என்று கையைத் தூக்கினாள்.

"எனக்கு வேணும் மேடம்."

ஸ்நேஹா குழம்பிப் போனாள். "அக்கா, போன தடவை நீங்க..."

"போன தடவை நீங்க இன்னொரு வாட்டி கேப்பீங்கன்னு பாத்தேன்."

கூடமே சிரித்தது. ஸ்நேஹாவுக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் விளக்கினார்கள், ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து விளக்கினார்கள். புரிந்ததும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா! நான் உங்களை மதிக்கறதா நெனச்சுட்டு இருந்தேன்!"

"மதிச்சீங்க மேடம். நெஜமாத்தான் சொல்றேன். ஆனா நீங்க குழுவுல எழுதினது மட்டும் சரி இல்ல. நான் மனசில்லாம செய்றவ இல்ல."

ஸ்நேஹா முகம் சிவந்து, "சாரி அக்கா, மாத்திடறேன்" என்றாள். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மாலாவும் கையைத் தூக்கியிருந்தாள். பெரிய கூடம், அவளுக்கு ஆசை இருக்காதா? ஸ்நேஹா இருவரையும் பார்த்தாள். நியாயமாக நடக்க வேண்டும் என்று நினைக்கிறவள் அவள். "ரெண்டு பேரும் ஏன் வேணும்னு சொல்லுங்க. அப்புறம் எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்."

மாலா கடகடவென்று சொன்னாள். ஏற்கெனவே ஒரு கூடத்தை நடத்திக் காட்டிவிட்டேன், பெரியதையும் நடத்துவேன். பொய் இல்லை, எல்லாரும் தலையாட்டினார்கள்.

பூங்கோதை முறை. தன்னைப் பற்றித் தானே நாலு நல்ல வார்த்தை சொல்வது என்பது அவள் பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். தற்பெருமை கூடாது என்று சொல்லியே வளர்த்திருந்தார்கள். அவள் மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"நான் நல்லா சமைப்பேன்" என்றாள். நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. "நல்லான்னா, சும்மா இல்ல. ரொம்ப நல்லா. பாலம் கட்டுறவங்களுக்குப் பொங்கிப் போட்டிருக்கேன், ஆபீசருங்களுக்கும் பொங்கிப் போட்டிருக்கேன். ஒருத்தரும் எலையில மிச்சம் வச்சதில்ல. ஆளுங்கள வேலை வாங்கத் தெரியும், யாரையும் அழ வெக்காம வாங்கத் தெரியும். எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும்னு சின்ன வயசுலேர்ந்து ஆசை. இதெல்லாம் வேற யாராச்சும் எனக்காகச் சொல்லுவாங்கன்னு இத்தினி வருஷம் காத்துக்கினு இருந்தேன். யாரும் சொல்லல. அதான் நானே சொல்றேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு முகம் எரிந்தது. ஆனால் தலை குனியவில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பேன்.

பூங்கோதைக்கு யார் யார் என்று ஸ்நேஹா கேட்டாள். முதலில் வீராயியின் கை, சோப்பு நுரையோடு. பிறகு இன்னொன்று, பிறகு பல கைகள். மாலா சுற்றிலும் பார்த்தாள். ரிலக்டன்ட்லி என்றால் என்ன என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால், அப்போது மாலாவின் கையைப் பார்த்திருக்க வேண்டும். முழங்கை வரை வந்தது, நின்றது, கண் வேறெங்கோ பார்த்தது, பிறகு மெல்ல மெல்லத் தோளைத் தாண்டி மேலே போயிற்று. மனசு பின்னால் இழுக்க இழுக்கப் போன கை. அந்தக் கைக்குத்தான் பூங்கோதை அதிகம் நன்றி பாராட்டினாள். சும்மா தூக்கிய கைகளைவிட அதற்கு எடை அதிகம் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் வீடு திரும்பும்போது சாயங்கால வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. டீக்கடை வாசலில் குணா நடுநாயகமாக நின்றுகொண்டிருந்தான், கையில் டீ, சுற்றிலும் தெருக்காரர்கள். அவன் குரல் முனை வரைக்கும் கேட்டது.

"அத ஏன் கேக்குற! மேடம் கெஞ்சுறாங்களாம். நீங்கதான் வரணும், நீங்க இல்லன்னா கிச்சனே இல்லன்னு காலைப் புடிக்காத கொறை. இவ வேணாம் வேணாம்னுதான் சொல்லியிருக்கா. கடைசில வேற வழியில்லாம, போனாப் போவுதுன்னு ஒத்துக்கினா."

கேட்டவர்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள். அப்படித்தானே நடக்க வேண்டும், அதுதானே மரியாதை. பூங்கோதையைப் பார்த்ததும் வழி விட்டார்கள். ஒன்றும் பேசாமல் அந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போயிருந்தால் அவள் தெருவுக்கே ராணியாகப் போயிருக்கலாம். புருஷன் அவளுக்காக எவ்வளவு அழகாகப் பொய் சொல்லி வைத்திருந்தான்! அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

அவள் நின்றாள்.

"யாரும் கெஞ்சல" என்றாள். "காலையும் புடிக்கல. எனக்கு வேணும்னு நானே கேட்டேன். குடுத்தாங்க."

குணாவின் கையில் இருந்த டீத் தம்ளர் பாதி வழியில் நின்றது. "ஏய், கோத, இன்னா பேசுற நீ?" என்றான் பல்லுக்குள்.

"நடந்தத சொல்றேன் மாமா. எல்லார் முன்னாடியும் கையத் தூக்கி, நான் நல்லா சமைப்பேன், எனக்குக் குடுங்கன்னு கேட்டேன். கேட்டு வாங்குனேன்."

யாரோ இருமினார்கள். குணா தரையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். சுவரில் பெயின்ட் சரியாக விழுந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். பிறகு டீக்கடைக்காரனிடம் திரும்பி, "அண்ணே, இன்னொரு டீ. எங்க வூட்டுக்காரிக்கு. மேல பாலாடை மலாய் போட்டு" என்றான். அவனுக்கு அதுவே பெரிது.

டீ வந்தது. பூங்கோதை வாங்கிக்கொண்டாள்.

அப்போது குழாயடியிலிருந்து வீராயி வந்தாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து வெளுத்துச் சுருங்கிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாளில் யாரிடமும் எதுவும் கேட்காத கிழவி, எல்லாருக்கும் பழமொழி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தவள், எதிரில் வந்து நின்றாள்.

"அடியே, புது கிச்சனுக்கு நீதான இன்சார்ஜ்?"

"ஆமாங்க்கா."

"அப்ப உங்கிட்டதான் கேக்கணும்." வீராயி டீக்கடை அடுப்பை ஒரு தடவை பார்த்தாள். "பாத்திரம் தேய்ச்சது போதும்டி. எனக்கும் சமைக்கத் தெரியும். என்னை அடுப்புல நிறுத்துறியா?"

"சரிக்கா" என்றாள் பூங்கோதை, ஒரே மூச்சில்.